அரிட்டாபட்டி மலையும் மாமாவோட லாரியும்

பெங்களூரில் பொட்டி தட்டுவது நம்ம பொழைப்பு. வார நாளெல்லாம் ஆணி, சனி ஞாயிறு ஆனா கல்வெட்டுப் புத்தகம். இந்த ரெண்டாவது கிறுக்கு எப்படிப் பிடிச்சுதுங்கறது தனிக்கதை, இன்னொரு நாள் சொல்றேன். இன்னைக்குச் சொல்ல வந்தது வேற. 2025 பொங்கல் லீவில் மேலூர் பக்கம் எங்க ஊருக்குப் போயிருந்தப்ப என் மாமா ஒரு கேள்வி கேட்டார். அதுக்கு இன்னமும் என்கிட்ட முழுசா பதில் இல்லை. எழுதிப் பார்த்தாலாவது தெளியுதான்னு பார்க்கிறேன். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்குங்க.

மாமான்னா அம்மாவோட கூடப்பிறந்த தம்பி. கிரானைட் குவாரியில் லாரி ஓட்டினவர். மேலூரைச் சுத்தி வெட்டி எடுத்த கல்லை ஏத்திக்கிட்டு தூத்துக்குடி துறைமுகத்துக்கு நைட்டோட நைட்டா போவார். எனக்கு ஆறு வயசு இருக்கும்போதே அப்பா தவறிட்டார். பத்தாவது வரைக்கும் என் ஸ்கூல் ஃபீஸ், யூனிஃபார்ம், சைக்கிள் எல்லாம் மாமா கொடுத்த காசு. அதாவது மலையை வெட்டின காசு. சின்ன வயசுல அது எனக்குத் தோணினதே இல்லை. தோணியிருந்தாலும் என்ன பண்ணியிருப்பேன்?

2012 மே மாசம், அப்போ மதுரை கலெக்டரா இருந்த சகாயம், சட்டவிரோத கிரானைட் வெட்டினால அரசுக்கு ரூ.16,338 கோடி இழப்புன்னு மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பினார். அந்த வருஷமே குவாரிகளில் பெரும்பாலானது மூடப்பட்டுச்சு. ஊரே பேசின விஷயம் அது. எங்க வீட்டில் மட்டும் பேச்சே இல்லை. மாமாவுக்கு வேலை போயிருந்தது. அப்புறம் செங்கல் லாரி, தண்ணி லாரின்னு ஓட்டி சமாளிச்சார். கல்லூரிக்குக் கல்விக்கடன் வாங்கினேன்.

இவ்வளவும் எதுக்குச் சொல்றேன்னா, சமணமும் இயற்கையும்னு உபதேசம் பண்ணுற இடத்தில் நான் இல்லைன்னு முதல்லயே சொல்லிடணும்.

*

சரி, விஷயத்துக்கு வருவோம்.

மதுரையிலிருந்து மேலூர் போகிற ரோட்டில் நரசிங்கம்பட்டி வரும். அங்கேயிருந்து உள்ளே போனா அரிட்டாபட்டி. மதுரையிலிருந்து மொத்தமே 25 கிலோமீட்டர்தான். ஊரைச் சுத்தி ஏழு குன்று. அரசாங்கக் கணக்குப்படி 72 ஏரி, 200 இயற்கை நீர்ச்சுனை, 3 தடுப்பணை. சுமார் 250 வகைப் பறவைகள் பதிவாகியிருக்கு. அதில் லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, போனெல்லி கழுகுன்னு மூணு வேட்டைப் பறவைகள் முக்கியமானவை. தேவாங்கு, எறும்புத்தின்னி, மலைப்பாம்பும் உண்டு. 2022 நவம்பரில் அரிட்டாபட்டியையும் பக்கத்து மீனாட்சிபுரத்தையும் சேர்த்து சுமார் 193 ஹெக்டேரைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமா தமிழக அரசு அறிவிச்சுது. தமிழ்நாட்டில் அதுதான் முதல் தலம்.

ரெண்டு வருஷம் கழிச்சு டங்ஸ்டன் வந்துச்சு. நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கப் பகுதின்னு 2,015.51 ஹெக்டேரை மத்திய அரசு ஏலம் விட்டு, 2024 நவம்பர் 7ல் ஹிந்துஸ்தான் ஜிங்க் நிறுவனம் தேர்வானதா அறிவிச்சாங்க. அரிட்டாபட்டியும் அதுக்குள்ளே வருது. ஊர் ஊரா கிராமசபைத் தீர்மானம், கடையடைப்பு. டிசம்பர் 9ல் சட்டசபைத் தீர்மானம். 2025 ஜனவரி 7ல் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்கு ஆயிரக்கணக்கான ஜனங்க நடந்தே போனாங்க. நான் ஊருக்குப் போனது அதுக்கு அடுத்த வாரம். என்ன முடிவு வரும்னு யாருக்கும் தெரியாத நேரம்.

மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் மாமாகிட்ட, "அரிட்டாபட்டி வரைக்கும் போய்ட்டு வரலாமா மாமா?"ன்னு கேட்டேன். "கல்லு பார்க்கவா? நான் பார்க்காத கல்லா"ன்னு சிரிச்சுக்கிட்டே எக்ஸெல் வண்டியை எடுத்தார்.

*

கழிஞ்சமலை மேல ஒரு இயற்கையான குகைத்தளம் இருக்கு. தரையில் ஆள் படுக்கிற அளவுக்குச் செதுக்கின கற்படுக்கைகள். எங்க பக்கம் இந்த மாதிரி எதைப் பார்த்தாலும் பஞ்சபாண்டவர் படுக்கைன்னு சொல்லிடுவாங்க. உண்மையில் படுத்தது சமணத் துறவிகள். குகையை யார் செஞ்சு கொடுத்தாங்கன்னு தமிழ்ப் பிராமி எழுத்தில் வெட்டி வெச்சிருக்காங்க. பக்கத்து மீனாட்சிபுரத்து மலையில் இருக்கிற மாங்குளம் கல்வெட்டுகள் இன்னும் பிரசித்தம். 1882ல் ராபர்ட் சிவெல் அதைப் பார்த்து வெளியே சொன்னார். அப்போ அது தமிழ்னு யாருக்கும் பிடிபடலை. ஐராவதம் மகாதேவன் அதை கிமு 2ம் நூற்றாண்டுன்னு கணிச்சார். நெடுஞ்செழியன்ங்கற பாண்டியன் பெயர் அதில் வருது. கணிநந்தன்ங்கற துறவிக்கு இருப்பிடம் செஞ்சு கொடுத்த சேதி வருது. வெள்ளறை ஊர் வணிகக் குழுவும் காசு போட்டிருக்கு. ராஜாவும் வியாபாரியும் சேர்ந்து ஸ்பான்சர் பண்ணின இடம்னு வெச்சுக்குங்களேன் :-)

குகைக்கு மேலே பாறை நெற்றியில் நீளமா ஒரு காடி வெட்டியிருக்கும். மழை பெய்தா தண்ணி பாறை வழியா உள்ளே இறங்காம, அந்தக் காடியிலேயே சொட்டி வெளியே விழுந்துடும். பார்க்க சின்ன வேலைதான். ஆனா சமணத் துறவிக்கு அது ரொம்ப முக்கியம். ஏன்னா வருஷத்தில் எட்டு மாசம் ஊர் ஊரா நடக்கிற துறவி, மழைக்காலம் நாலு மாசம் ஒரே இடத்தில் தங்கணும்ங்கறது விதி. மழை பெய்தா புழு பூச்சி எல்லாம் வெளியே வரும், புல் முளைக்கும், நடந்தா மிதிபடும். அதனால நடக்காதே. அவ்வளவுதான் காரணம்.

சிலப்பதிகாரம் படிச்சவங்களுக்கு கவுந்தியடிகள் ஞாபகம் இருக்கும். கோவலன் கண்ணகியோட மதுரைக்கு நடந்து வருகிற சமணத் துறவி. புகாரை விட்டுக் கிளம்பும்போதே வழியைப் பத்தி எச்சரிக்கை சொல்லுவார். வயல் வழியா போனா நண்டும் நத்தையும் காலில் மிதிபடும், அது பொறுக்க முடியாத பாவம்னு. கள்வர் பயம், காட்டு மிருக பயம் எல்லாம் கேள்விப்பட்டிருக்கோம். "நம்மால நண்டுக்கு ஆபத்து"ன்னு ரூட் மேப் போட்ட ஒரே ஆள் எனக்குத் தெரிஞ்சு இவர்தான்.

குகைக்கு வெளியே உட்கார்ந்து இதையெல்லாம் மாமாகிட்ட சொல்லிக்கிட்டு இருந்தேன். கேட்டுக்கிட்டே பாறையைக் கையால தட்டிப் பார்த்தார். தொழில் பழக்கம் போல.

"நல்ல கல்லு மாப்ள"ன்னார்.

*

இங்கே கொஞ்சம் தத்துவம். தூங்கிடாதீங்க.

தொல்காப்பியம் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை பிரிக்கிறது எல்லோரும் ஸ்கூல்ல படிச்சதுதான். அதில் ஓரறிவு உயிர்னா புல்லும் மரமும். சமணமும் இப்படிப் புலன்களை வெச்சுத்தான் பிரிக்குது. ஆனா ஓரறிவு உயிர்ங்கற பெட்டிக்குள்ளே இன்னும் நாலு சேர்க்குது. மண்ணை உடம்பாகக் கொண்ட உயிர், நீரை உடம்பாகக் கொண்ட உயிர், நெருப்பை, காற்றை உடம்பாகக் கொண்ட உயிர். அவங்க கணக்குப்படி பூமிக்குள்ளே இயற்கையா கிடக்கிற வரைக்கும் கல்லு உயிருள்ளது. வெட்டி எடுத்தா உயிர் போயிடுது.

இதை அப்படியே ஒப்புக்கணும்னு நான் சொல்ல வரலை. இன்ஜினியரிங் படிச்ச புத்திக்கு கல்லுக்கு உயிர்னா இடிக்கத்தான் செய்யுது. ஆனா இந்த ஒரு நம்பிக்கையை வெச்சுக்கிட்டு என்ன மாதிரி வாழ்க்கை முறையைக் கட்டினாங்கன்னு பார்த்தா ஆச்சரியமா இருக்கு.

பெங்களூரில் என் ரூம்மேட் வந்தவாசிப் பக்கத்து தமிழ்ச் சமணன். நம்மில் பல பேருக்கு சமணர்னா சவுகார்பேட்டை சேட்டுதான் ஞாபகம் வருவார். திருவண்ணாமலை, விழுப்புரம், காஞ்சிபுரம் பக்கம் நயினார்னு பட்டம் போட்டுக்கிற, காலங்காலமா தமிழ் பேசுற, பெரும்பாலும் விவசாயம் பண்ணுற சமணர்கள் இருக்காங்க. 2011 சென்சஸ்படி தமிழ்நாட்டில் மொத்தச் சமணர்களே 89,265 பேர்தான், வடக்கிலிருந்து வந்தவங்களையும் சேர்த்து. நம்ம ரூம்மேட் அவங்க அப்பாயி கதை சொல்லுவான். கிணத்துத் தண்ணியைத் துணியில் வடிகட்டித்தான் குடிக்கணும். இது பல வீட்டில் உண்டுதானே. வடிகட்டின பிறகு அந்தத் துணியை என்ன பண்ணுவாங்கங்கறதுதான் விஷயம். நாமளா இருந்தா உதறிட்டுப் போயிடுவோம். அவங்க துணியைத் திருப்பி, நல்ல தண்ணி ஊத்தி அலசி, அந்தத் தண்ணியை அதே கிணத்தில் மெதுவா இறக்கிவிடுவாங்களாம். வேற கிணத்தில் விடக்கூடாது, குட்டையில் விடக்கூடாது. எந்த உயிர் எங்கேயிருந்து வந்துச்சோ அங்கேயே போய்ச் சேரணும். கண்ணுக்கே தெரியாத ஒண்ணுக்கு ரிட்டர்ன் டிக்கெட்!

விவசாயம் பண்ணினா புழு சாகாதான்னு அவன்கிட்ட கேட்டேன். அதுக்கும் அவங்ககிட்ட விடை இருக்கு. கொல்லணும்னே செய்யறது ஒண்ணு, வீட்டு வேலையில் நடக்கிறது ஒண்ணு, தொழிலில் நடக்கிறது ஒண்ணு, தற்காப்புக்குச் செய்யறது ஒண்ணுன்னு ஹிம்சையை நாலாப் பிரிக்கிறாங்க. இல்லறத்தான் முதலாவதை முழுசா விடணும். மத்த மூணையும் முடிஞ்ச மட்டும் குறைக்கணும். துறவிக்கு மட்டும்தான் நாலும் கூடாது. அதோட மிகுபொருள் விரும்பாமைன்னு ஒரு விரதம். எவ்வளவு நிலம், எவ்வளவு வீடு, எவ்வளவு காசு போதும்னு தனக்குத் தானே ஒரு எல்லை போட்டுக்கிட்டு அதைத் தாண்டக்கூடாது. எல்லையை யாரும் வெளியிலிருந்து போடறதில்லை. நீயேதான் போட்டுக்கணும், நீயேதான் காவல்.

இன்னொரு பட்டியல் இருக்கு. இல்லறத்தான் செய்யக்கூடாத 15 தொழில்கள். குஜராத்தில் 12ம் நூற்றாண்டில் வாழ்ந்த ஹேமசந்திரர் தன் யோகசாஸ்திரத்தில் இதை விவரிக்கிறார். ஸ்வேதாம்பர மரபில்தான் இது அதிகம் பேசப்படுது, நம்மூர்ச் சமணர் திகம்பரர்ங்கறதையும் சொல்லிடறேன். பட்டியலில் என்னென்ன இருக்கு? மரத்தை எரிச்சுக் கரி பண்ணி விக்கிறது. காட்டை வெட்டி விக்கிறது. தந்தம் விக்கிறது. விஷம் விக்கிறது. காட்டுக்குத் தீ வைக்கிறது. ஏரி குளத்தை வத்த வைக்கிறது. பூமியைத் தோண்டி, கல்லைப் பிளந்து பிழைக்கிறது. வண்டி வாடகைக்கு ஓட்டிப் பிழைக்கிறதும் அதில் ஒண்ணு, பாரம் இழுக்கிற மாட்டை நினைச்சு.

எட்டு நூறு வருஷத்துக்கு முந்தின இந்தப் பட்டியலைக் கையில் வெச்சுக்கிட்டு இன்னைக்கு ஒரு சுரங்கத் திட்டத்தை டிக் அடிச்சுப் பாருங்க. காடு, ஏரி, கல்லு, வண்டி. ஒண்ணும் விடுபடாது.

ஒரு எச்சரிக்கை. இதையெல்லாம் படிச்சுட்டு "உலகத்தின் முதல் சுற்றுச்சூழல் இயக்கம் சமணம்தான்"னு எழுத எனக்கும் கை அரிச்சுது. அது சரியில்லை. பழைய சமண நூல்களோட கவலை உயிர் பிறவியிலிருந்து விடுபடறது. கழுகைக் காப்பாத்தறதுக்காக அவங்க மலையை விடலை. தன் உயிரில் கறை படியக்கூடாதுன்னு விட்டாங்க. 1990ல் எல்.எம். சிங்வி எழுதி, லண்டனில் இளவரசர் பிலிப்கிட்ட கொடுத்த இயற்கை பற்றிய சமணப் பிரகடனம் மாதிரியானவை எல்லாம் இந்தக் காலத்து வாசிப்பு. தப்பில்லை, ஆனா ரெண்டையும் குழப்பிக்கக்கூடாது. ஆனா நோக்கம் எதுவா இருந்தா என்ன, நண்டு தப்பிச்சுதா இல்லையா?

*

பதினைஞ்சு தொழில் கதையைச் சொல்லி முடிச்சப்புறம்தான் எனக்கு உறைச்சுது. கல்லைப் பிளக்கிறது, வண்டி ஓட்டறது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவர் ரெண்டையும் செஞ்சவர். நாக்கைக் கடிச்சுக்கிட்டேன்.

மாமா கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. பீடியை எடுத்தவர், என்ன நினைச்சாரோ, பாக்கெட்லயே திரும்ப வெச்சுட்டார். அப்புறம்தான் கேட்டார்.

"அப்ப நான் செஞ்சது பாவம்ங்கிறியா மாப்ள?"

"ஐயோ மாமா, நான் அப்படிச் சொல்லலை..."

"இல்ல, சும்மா கேக்குறேன். வெட்டுனது நான் இல்ல. ஏத்துனதும் நான் இல்ல. கொண்டு போய் விட்டேன். அந்தக் காசுலதான் நீ படிச்ச. அந்தக் கல்லைத்தான் எவனோ வெளிநாட்டுக்காரன் அடுப்படியில போட்டு வெச்சிருக்கான். பாவம்னா யாருக்கு எம்புட்டு?"

இதுதான் அந்தக் கேள்வி.

படிச்ச பாடம் என்கிட்ட இருந்துச்சு. சமணம் ஹிம்சையை மனசு, வாக்கு, உடம்புன்னு மூணு வழியிலும், தானே செய்யறது, பிறரைச் செய்யவைக்கறது, செய்யறவனை ஆமோதிக்கறதுன்னு மூணு விதத்திலும் பார்க்குது. மூணு பெருக்கல் மூணு, ஒன்பது. நான் கையால தொடலைன்னு சொல்லித் தப்பிக்க வழியே கிடையாது. வெட்டினவன், லாரி ஓட்டினவர், கல்லை வாங்கினவன், காசில் படிச்சவன் எல்லோரும் அதே கணக்குப் புத்தகத்தில்தான் இருக்கோம்.

இதை மாமாகிட்ட சொன்னேன். "அப்ப நீயும் உள்ளதான் இருக்க"ன்னு சிரிச்சார். அவருக்கு என்னமோ பாரம் குறைஞ்ச மாதிரி இருந்துச்சு. எனக்கு ஏறின மாதிரி இருந்துச்சு.

அவர் இன்னொண்ணும் சொன்னார். "இம்புட்டு நல்ல கல்லு இங்கன கெடக்கு. இதை விட்டுட்டு அங்கிட்டெல்லாம் ஏன் வெட்டுனாய்ங்கன்னு நெனைக்கிற? இதுல சாமி இருக்கு, எழுத்து இருக்கு. அதுல ஒண்ணுமில்ல. அதான்."

நான் படிச்ச புத்தகம் எதிலும் இவ்வளவு பளிச்சுன்னு யாரும் சொன்னதில்லை. யோசிச்சுப் பாருங்க. கீழவளவில் கற்படுக்கை இருக்கிற மலை தொல்லியல் துறைப் பாதுகாப்பில் நிக்குது. அதைச் சுத்தி குவாரிப் பள்ளம். நாம காப்பாத்தினதெல்லாம் கோயில் இருக்கிற மலை, கல்வெட்டு இருக்கிற மலை. பேரில்லாத மலைகள் பளபளன்னு பாலிஷ் போட்டுக்கிட்டு கப்பல் ஏறிடுச்சு. டங்ஸ்டன் விஷயத்திலும் இதே லாஜிக்தான் முதல்ல வந்துச்சு. 2024 டிசம்பர் கடைசியில் மத்திய அரசு, பல்லுயிர்த் தலத்தை மட்டும் விட்டுட்டு எல்லையை மாத்த முடியுமான்னு இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்தைப் பார்க்கச் சொன்னாங்க. 2,015 ஹெக்டேரில் 193 போனா பத்தில் ஒரு பங்கு கூட இல்லை. மீதி "ஒண்ணுமில்லாத" இடம். ஊர்க்காரங்க அதுக்கு ஒத்துக்கலை. மொத்தமா ரத்து பண்ணுன்னாங்க.

சமணத்தோட கிறுக்குத்தனம்னு நான் நினைச்ச அந்தக் கருத்து, கல்லுக்கும் உயிர்ங்கறது, இந்த இடத்தில்தான் எனக்குப் புரிய ஆரம்பிச்சுது. அவங்க கணக்கில் ஒண்ணுமில்லாத இடம்னு ஒண்ணு கிடையவே கிடையாது. சாமி இருந்தாத்தான் மலையை விடணும்னு இல்லை. ஒரு மலையைத் தொட, தொடறவன்தான் காரணம் சொல்லணும். தன்னைத் தொடக்கூடாதுன்னு மலை நிரூபிக்க வேண்டியதில்லை.

*

குகைக்குப் போகிற வழியில் பாறையில் ஒரு மகாவீரர் சிற்பம் இருக்கு. கீழே வட்டெழுத்துக் கல்வெட்டு. 9-10ம் நூற்றாண்டு. அச்சணந்தின்னு ஒரு துறவி செய்வித்தது. இந்த அச்சணந்தி மதுரை வட்டாரத்து மலைகள் பலதில் சிற்பம் வெட்ட வெச்ச ஆள். திருஞானசம்பந்தர் காலம் 7ம் நூற்றாண்டு. அப்போதே எண்ணாயிரம் சமணரைக் கழுவேத்தினதா புராணம் சொல்லுது, அது நடந்ததா இல்லையான்னு வரலாற்றாசிரியர்கள் இன்னும் சண்டை போடறாங்க. எப்படியோ, அதுக்கு ரெண்டு மூணு நூறு வருஷம் கழிச்சும் சமணர்கள் இங்கே சிற்பம் வெச்சிருக்காங்கங்கறதுக்கு இந்தக் கல்லு சாட்சி.

அந்தக் கல்வெட்டின் கடைசிச் சேதிதான் என்னை நிறுத்தினது. இந்தத் திருமேனி பாதிரிக்குடி ஊர்க்காரங்களோட பாதுகாப்பு. செஞ்சவர் துறவி, இன்னைக்கு இருப்பார், நாளைக்கு நடந்து போயிடுவார். பொறுப்பை ராஜாகிட்ட விடலை, பக்கத்து ஊர் ஜனங்ககிட்ட விட்டுட்டுப் போயிருக்கார்.

இன்னைக்கு இங்கே போராடின ஜனங்க சமணர் இல்லை. எங்க வீட்டில் ஞாயித்துக்கிழமை கறி இல்லாம சோறு இறங்காது. அவங்க போராடினது வயலுக்காக, கண்மாய்க்காக, குலசாமிக்காக. சமண போதனையாலதான் அரிட்டாபட்டி பிழைச்சுதுன்னு எழுதினா அது பொய். ஆனா ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி கல்லில் எழுதி வெச்ச பொறுப்பை, அதைப் படிக்கத் தெரியாத ஜனங்க அப்படியே செஞ்சிருக்காங்க.

மாமாவுக்கு அந்த வரியைப் படிச்சுக் காட்டினேன். "நம்மள மாதிரி ஆளுககிட்டதானே விட்டிருக்காய்ங்க"ன்னார். சிற்பத்துக்குக் கீழே கிடந்த ரெண்டு பிளாஸ்டிக் டம்ளரைப் பொறுக்கி வண்டிப் பெட்டியில் போட்டுக்கிட்டார்.

*

2025 ஜனவரி 23ம் தேதி ஏலத்தை மத்திய அரசு மொத்தமா ரத்து பண்ணுச்சு. நான் பெங்களூரில் ஒரு மீட்டிங்ல இருந்தேன். பாக்கெட்ல போன் அதிர்ந்துச்சு, மாமா. வெளியே வந்து எடுத்தேன். பின்னாடி ஒரே வெடிச் சத்தம். "ரத்தாயிருச்சு மாப்ள!"

ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு. ராத்திரி ரூமுக்கு வந்து சும்மா தேடிப் படிச்சப்பதான் ஒண்ணு தெரிஞ்சுது. போன் அதிருதே, அந்தக் குட்டி மோட்டாரில் சுத்துற எடைக்கு வழக்கமா போடறது டங்ஸ்டன். சின்ன இடத்தில் அதிக கனம் வேணும்ல, அதுக்கு. சிப்புக்குள்ளே அடுக்குக்கு அடுக்கு இணைப்பு கொடுக்கிறதிலும் டங்ஸ்டன் உண்டு. அதாவது டங்ஸ்டன் ரத்தான சேதியே எனக்கு டங்ஸ்டன் வழியாத்தான் வந்திருக்கு. அரிட்டாபட்டியில் தோண்டலை, சரி. வேற எங்கேயோ ஒரு மலையில் தோண்டித்தான் என் பாக்கெட்டுக்கு வந்திருக்கு. அந்த மலையில் சாமி இருந்துச்சோ இல்லையோ.

மாமா கேட்ட "யாருக்கு எம்புட்டு?"க்கு என்கிட்ட எண் கிடையாது. பூஜ்யம் இல்லைன்னு மட்டும் தெரியும். அவருக்கும் இல்லை, எனக்கும் இல்லை.

புது மாடல் ஒண்ணு வாங்கலாம்னு ரெண்டு மாசமா ஒரு டேப் திறந்தே இருந்துச்சு. அன்னைக்கு மூடிட்டேன். இப்போ இருக்கிற போன் சாகிற வரைக்கும் இதுதான்னு எனக்கு நானே ஒரு எல்லை. இதனால எந்த மலையும் பிழைச்சுடாது, நல்லாவே தெரியும். துணியைக் கிணத்தில் அலசுற அப்பாயிக்கும் அது தெரிஞ்சுதான் இருந்திருக்கும்.

அரிட்டாபட்டி போறவங்க காலையில் சீக்கிரம் போங்க, வெயில் ஏறினா பாறை சுடும். தண்ணி கொண்டு போங்க, பாட்டிலைத் திரும்பக் கொண்டு வாங்க. கற்படுக்கையில் தயவுசெஞ்சு பேர் எழுதாதீங்க. மழைக்காலத்தில் போனா கொஞ்சம் கீழே பார்த்து நடங்க. நண்டு இருக்கும்.